அமரர் புருஷோத்தமன், எம்.எஸ்சி.

லாஸ்பேட்டை முத்துமாரி நகரில் குடியிருக்கும் புருஷோத்தமனுக்குக் கண்ணாடிக் கதவு திறக்காது. பெரிய கடைகளில் ஆள் வந்தால் தானாக விலகும் கதவு போட்டிருக்கிறார்களே, அந்தக் கதவு. ஊரில் எல்லாருக்கும் திறக்கும். இவர் போய் நின்றால் மட்டும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். பின்னால் யாராவது வரும்வரை ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஒருநாள் மனிதர் யாருமே வரவில்லை, நாய் ஒன்று வந்தது. கதவு மரியாதையாக விலகியது. நாய்க்குப் பின்னாலேயே உள்ளே போய்த் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

சிக்னலில் ஹெல்மெட் சோதனை என்றால் அவருக்கு முன்னால் போனவரை நிறுத்துவார்கள், பின்னால் வந்தவரையும் நிறுத்துவார்கள். நடுவில் வெறுந்தலையோடு போன இவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. முதலில் இதை ஒரு சௌகரியமாகத்தான் எடுத்துக்கொண்டார். நோணாங்குப்பம் படகுத்துறையில்தான் மனசு சுருக்கென்றது. குடும்பத்தோடு போயிருந்தார்கள். படகுக்காரர் தலையை எண்ணினார், ஆள் சரியாக இருக்கிறது என்றார், படகை எடுத்துவிட்டார். புருஷோத்தமன் கரையில் எல்லாருடைய செருப்புக்கும் காவலாக நின்றார். திரும்பி வந்த வீட்டார் அவரிடமே, அலை ரொம்ப ஆட்டிவிட்டது இல்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

இந்தச் சீக்கு அவர் ஒருவருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஐம்பதைத் தாண்டி அறுபதைத் தொடாத எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோழிக் குழம்பில் கால்துண்டு பெரியவர்களுக்குப் போனது. இவர்கள் பெரியவர்களாகி இலைமுன் உட்கார்ந்தபோது அது சின்னப் பிள்ளைகளுக்குப் போனது. கோழிக்குக் கால் உண்டு என்பதையே புருஷோத்தமன் தெருவில் நடந்துபோன கோழியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

வீட்டில் பேச்சும் அப்படித்தான். அவருடைய அப்பா பக்கிரி, ஊருக்கே தலைவர். மில்லில் தொழிற்சங்கம் நடத்தியவர். மில்லை மூடி வருஷக்கணக்கில் ஆகிறது, ஆனால் தலைவர் பதவியை யாரும் மூடவில்லை. எண்பது தாண்டியும் சாயங்காலமானால் இரும்புக் குண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்ப் பெத்தாங் என்கிற குண்டெறி ஆட்டம் ஆடுவார், குண்டு விழுந்த இடத்தில் ஒரு தீர்ப்பும் சொல்வார். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அப்புறம் பேத்தி சரிதா பெரியவளானாள், சட்டம் அவள் கைக்கு மாறியது. இந்த இரண்டு ஆட்சிக்கும் நடுவில் ஒரே ஒரு வாரம் காலியாக இருந்தது. அந்த வாரம் வாயைத் திறந்திருந்தால் புருஷோத்தமனின் பேச்சு எடுபட்டிருக்கும். அப்போது பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்த விவகாரம், பிளஸ் டூ முடித்த சரிதா கல்லூரியில் சேர்வதா வேண்டாமா என்பது. சரிதா நகத்தில் மயிலும் மாங்காயும் வரைந்து வீடியோ போடுகிறவள். கல்லூரி என்பது மூன்று வருஷ வெட்டிவேலை, உலகமே கைக்குள் இருக்கும்போது லாஸ்பேட்டைவரை ஏன் போக வேண்டும் என்பது அவள் கட்சி. லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாள். அம்மா நிர்மலாவுக்குக் குழப்பம். அண்ணனைக் கேட்டாள், ஜோசியரைக் கேட்டாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை உட்காரவைத்து மோர் கொடுத்துக் கேட்டாள். பார்சல் கொண்டுவருகிறவர் நின்ற வாக்கில் ஒரு யோசனை சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் கல்லூரி வாசற்படியை மிதித்தவர் ஒரே ஒருவர். இயற்பியலில் எம்.எஸ்சி. வாங்கியவர். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில், மூடி பாட்டிலை மூடுகிறதா என்று பார்க்கிற வேலை. அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

புருஷோத்தமன் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் போனீர்களே, எப்படி இருந்தது என்று வீட்டில் யாராவது ஒருதரம் கேட்க வேண்டும். பதில் தயாராக இருந்தது. மூடிகளைப் பார்த்துப் பார்த்து அந்தப் பதிலை மனசுக்குள்ளேயே தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார். விண்ணப்பம் போடக் கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் முத்துமாரி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுவிழா வந்தது. சங்கச் செயலாளர் செல்வகுமார் பட்டிமன்றம் வைத்தார். வாழ்க்கைக்குக் கல்லூரிப் படிப்பு தேவையா, இல்லையா என்பது தலைப்பு. பெரியவர்கள் அணிக்குப் பக்கிரி தலைவர், இளையவர்கள் அணிக்குச் சரிதா தலைவி, நடுவர் செல்வகுமாரே. இரண்டு தலைமுறை எதிரெதிரே உட்கார்ந்தால் எதிரெதிராகத்தானே பேசும் என்று நம்பி, யார் எந்தப் பக்கம் பேசப்போகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு அணியிலும் சேராத நடுவயசுக்காரர்கள் நாற்காலி, மைக் செட், டீ ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்று முடிவானது. அவர்களிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

டீக்குப் பொறுப்பேற்ற புருஷோத்தமன், வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆசையை வெளியே சொன்னார். பேனரில் கீழே மூலையில், ஸ்டாம்பு அளவுக்கு, தன் படம் ஒன்று வருமா?

"அதுக்கு இன்னா புருஷு," என்றார் செல்வகுமார், போனைப் பார்த்தபடி. "வெற்றிச்செல்வன் கடையில போட்டோவைக் குடுத்துடு. நான் சொன்னேன்னு சொல்லு."

போட்டோ தேடப்போனபோதுதான் சங்கடம் தெரிந்தது. பீரோவில் ஆல்பம் ஆல்பமாக இருந்தது. கல்யாணம், காதுகுத்து, மொட்டை, கடற்கரை. எதிலும் அவர் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர். ஒன்றில் நிழல் விழுந்திருந்தது, இன்னொன்றில் கட்டைவிரல் பாதி தெரிந்தது. கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து ஒன்று கிடைத்தது. பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, சிரிக்காமல், நேராக நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

ஃப்ளெக்ஸ் கடை வெற்றிச்செல்வனைக் குறை சொல்ல முடியாது. அவர் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. கூலிங்கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்தபடி கலர் படம் வந்தால் பிறந்தநாள். ஆணும் பெண்ணும் ஜோடியாக வந்தால் கல்யாணம். சிரிக்காத ஒற்றை ஆள், கறுப்பு வெள்ளையில் வந்தால் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேல் விவரம் கேட்டுத் துக்க வீட்டுக்காரர் மனசைக் கிளறக் கூடாது என்பதை அவர் ஒரு தர்மமாகவே வைத்திருந்தார். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"பேருக்குப் பின்னால படிப்பைப் போடணுமா?"

படிப்பைப் பற்றிப் புருஷோத்தமனை ஒருவர் கேட்டு முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஆகிறது. கண் நிறைந்துவிட்டது. எம்.எஸ்சி. என்று சொல்வதற்குள் குரல் உடைந்தது. வெற்றிச்செல்வன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். பேனர் அடிக்கிறவர்கூட இவ்வளவு அன்பாக இருக்கிறாரே என்று இவர் நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் தெருமுனையில் பேனர் நின்றது. ஒரு மாடி உயரம். ஸ்டாம்பு அளவு கேட்ட முகம், கார் கதவு அளவுக்கு இருந்தது. இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவத்தி, மேலே பறக்கும் புறா, கீழே ஒற்றை ரோஜா. கண்ணீர் அஞ்சலி, அமரர் புருஷோத்தமன், எம்.எஸ்சி. புருஷோத்தமன் சைக்கிளில் வந்த பால்காரரோடு சேர்ந்து நின்று பார்த்தார். தவறு நடந்துவிட்டது தெரிந்தது. ஆனால் எம்.எஸ்சி.க்கு எல்லாப் புள்ளியும் சரியாக விழுந்திருந்தது.

நகரே கூடிவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டாரே என்று சொல்லிக்கொண்டார்கள். நேற்றுச் சாயங்காலம் என்றார் ஒருவர். இல்லை, விடியற்காலை, நான்தான் பக்கத்தில் இருந்தேன் என்றார் இன்னொருவர். புருஷோத்தமன் கூட்டத்துக்குள் புகுந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆமாம்பா, அவரு எங்க போயிடப்போறாரு," என்று ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டினார். "நம்ம கூடவேதான் இருப்பாரு. நீ இந்த ரெண்டு சேரை அந்தாண்ட போடு."

போட்டார்.

பாகூரில் தாய்வீட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்த நிர்மலா தகவல் கேட்டு அலறியடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புருஷோத்தமன்தான் ஓடிப்போய் கேட்டைத் திறந்தார். பையை வாங்கிக்கொண்டார். பையில் பலகாரம் இருக்கிறது, எறும்பு ஏறாமல் மேலே வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே ஓடி மாமனார் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அன்று விடியற்காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய்ப் புருஷோத்தமன் ஏலத்தில் எடுத்துவந்திருந்த வஞ்சிரத்தை, துக்க வீட்டில் மீன் ஆகாது என்று பக்கத்து வீட்டார் பெரிய மனசோடு எடுத்துக்கொண்டு போனார்கள். பொரிக்கிற வாசனை மத்தியானம்வரை வந்தது. கம்பெனி மேனேஜர் போன் செய்து, போனை எடுத்த புருஷோத்தமனிடமே ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். தெரிவித்த கையோடு, ராத்திரி ஷிப்டுக்கு ஓர் ஆள் குறைகிறது, நீயாவது வந்துவிடு என்றார்.

சரிதா அப்பாவைப் பற்றி வீடியோ போட உட்கார்ந்தாள். போனைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. புருஷோத்தமன் பிடித்தார்.

"கொஞ்சம் பின்னாடி போ," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கப்பா எனக்காக இன்னா செஞ்சாருன்னா..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, வெளிச்சம் சரியில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

பக்கிரி மட்டும் வீட்டுக்குள் இருக்கவில்லை. பேனருக்கு எதிரே குண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்த கையை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"இந்த கவுனு போட்ட அன்னைக்கு வாங்கப்பான்னு கூப்டான். மில்லுல கேட் மீட்டிங்னுட்டு நான் போவல." டீயை ஒரு வாய் குடித்தார். "சக்கரை கம்மி. அவன்தான் எனக்குச் சரியா போடுவான்."

புருஷோத்தமன் உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்து போட்டார்.

சங்கத்துக்கு வேறு கவலை. மைக் செட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, நாற்காலியும் வந்து இறங்கிவிட்டது. யோசித்துப் பார்த்த செல்வகுமார், இரங்கல் கூட்டத்தையும் பட்டிமன்றத்தையும் ஒன்றாகவே நடத்திவிடலாம், மறைந்தவரும் படித்தவர்தானே, பொருத்தமாக இருக்கும் என்றார். அன்று சாயங்காலமே பெத்தாங் மைதானத்தில் கூட்டம் தொடங்கியது. ஆண்டுவிழாவுக்கு வந்த பொன்னாடைகள் ஒரு மேஜையில், துக்கத்துக்கு வந்த மலர்வளையம் பக்கத்து மேஜையில். டீத் தட்டோடு பின்வரிசையில் புருஷோத்தமன் நின்றார்.

முதலில் பக்கிரி எழுந்தார். மில் வாசலில் பேசிப் பழகிய குரல், மைக்கே தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு மில்லுக்குப் போனதையும், அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியதையும், தங்கைகளைக் கரையேற்றியதையும் சொன்னார். என் மகனும் என் கூடவே மில்லுக்கு வந்திருந்தால் இன்று இந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், அந்தக் கல்லூரிதான் அவனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்து சரிதா. தாத்தா சொன்னதை மறுத்துப் பேசப்போகிறாள் என்று எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவளும் அதையேதான் சொன்னாள். அப்பா அத்தனை வருஷம் ஒளியைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் படித்தார். படித்துவிட்டு மூடியைத் திருகிப் பார்த்தார். இதற்குத்தான் கல்லூரி என்றால் எனக்கு வேண்டாம் என்றாள்.

கைதட்டல் அடங்கியதும்தான் நடுவருக்கு வியர்த்தது. இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்றால் தீர்ப்பு சொல்வது எப்படி? கல்லூரி வேண்டும் என்று பேச இங்கே ஒருவராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். யாரும் எழவில்லை. சமாளிக்க வழி தெரியாமல், முதலில் இரங்கல் தீர்மானத்தை முடித்துவிடுவோம், அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்கவும் என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்தார்கள். செல்வகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து, பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"பக்கிரி மகன் புருஷோத்தமன், எம்.எஸ்சி."

பின்வரிசையில் டீத் தட்டு ஒருதரம் ஆடியது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"உள்ளேன் ஐயா."

மைதானம் முழுக்கத் திரும்பியது. ஆனால் மௌனம் தொடங்கியாகிவிட்டது. துக்க மௌனத்தைப் பாதியில் கலைக்கிற வழக்கம் முத்துமாரி நகரில் கிடையாது. செல்வகுமார் உதட்டில் விரலை வைத்து, முடியட்டும் என்று ஜாடை காட்டினார். ஆகவே நகரமே அசையாமல் நின்று, கண்ணை மூடாமல், வாயைத் திறக்காமல், புருஷோத்தமனையே பார்த்தது. அவரும் தட்டோடு அசையாமல் நின்றார். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன்மேல் பட்டு அவருக்குப் பழக்கமில்லை. முகமெல்லாம் வெயிலில் நின்றதுபோலச் சுட்டது. மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மணியைப் பார்த்துச் செல்வகுமார் தலையாட்டியதும் நிர்மலாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, எப்பங்க வந்தீங்க?"

"நான் எங்கயும் போவலியே."

பக்கிரி எழுந்து வந்து மகனின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மூக்கைப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கைக் கையில் பிடித்தபடியே சரிதா இறங்கி வந்தாள். அவள் கண்ணில் மை கரைந்திருந்தது.

"ப்பா. காலேஜ் எப்படிப்பா இருந்துச்சு?"

கேட்டேவிட்டாள். புருஷோத்தமன் மெருகேற்றி வைத்திருந்த பதிலைத் தேடினார். நாட்டின் வளர்ச்சி, அறிவின் ஒளி என்றெல்லாம் நன்றாக ஆரம்பிக்கிற பதில் அது. ஒரு வரிகூட வரவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"பாடம் ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. மூடிக்கு அது தேவையும் படல. ஆனா தெனம் காலையில ஒருத்தர் என் பேரைச் சொல்லி, இருக்கியான்னு கேப்பாரு. இருக்கேன்னு சொல்லுவேன். அவரு தலையைத் தூக்கி ஒருதரம் என்னைப் பாத்துட்டு எழுதிக்குவாரு. அந்த கேட்டை விட்டு வெளிய வந்தப்புறம் யாரும் கேக்கல. உனக்கு அது வேணும்னா போ. வேணாம்னா வுடு."

பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. மைக் செட் ஒயரைச் சுருட்டிக்கொண்டும் நாற்காலியை மடித்துக்கொண்டும் நின்ற நடுவயசுக்காரர்கள் தட்டினார்கள். மைதானத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவரவர் மனைவிமார் திரும்பிப் பார்த்து, அட, இவரும் வந்திருக்கிறாரா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

செல்வகுமார் தீர்ப்பு வழங்கினார். கல்லூரி தேவை என்பாரும் வென்றார்கள், தேவையில்லை என்பாரும் வென்றார்கள், டீ ஆறுகிறது. பொன்னாடை இரண்டுதான் வந்திருந்தது, அவை இரண்டு அணித் தலைவர்களுக்குப் போயின. புருஷோத்தமனுக்கு, வாங்கிய பொருளை வீணாக்கக் கூடாது என்று, மலர்வளையத்தைக் கழுத்தில் போட்டுப் படமெடுத்தார்கள். அந்தப் படம் கலரில் வந்தது. வீட்டு ஆல்பத்தில் அவர் இருக்கிற முதல் படம் அதுதான்.

சரிதா கல்லூரியில் சேர்ந்தாள். முதல்நாள் சாயங்காலம் திரும்பி வந்தவளிடம், பேர் கூப்பிட்டார்களா என்று ஆவலோடு கேட்டார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரும் கூப்பிடுவதில்லை, வாசலில் ஒரு மிஷின் இருக்கிறது, முகத்தைக் காட்டினால் அதுவே பதிந்துகொள்ளும் என்றாள். புருஷோத்தமன் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனார்.

மறுநாள் காலை, கிளம்பிய சரிதா கதவருகே நின்று, கையில் இல்லாத ஒரு நோட்டைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு குரல் கொடுத்தாள்.

"புருஷோத்தமன், எம்.எஸ்சி."

சமையல்கட்டிலிருந்து, குழம்புக் கரண்டியோடு, "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தது. அவள் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் இது நடந்தது. கொஞ்ச நாளிலேயே பக்கிரி சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இந்த வீட்டைக் கல் வைத்துக் கட்டியவனைக் கூப்பிட நாதியில்லை, வயசானவர்களை இந்தக் காலத்தில் யார் மதிக்கிறார்கள் என்று புலம்பல். அவர் பெயரையும் சேர்த்தார்கள். தாத்தாவின் பெயருக்குப் பின்னால் தலைவர் என்று போடாவிட்டால் அவர் வாயைத் திறக்கமாட்டார், இரண்டாவது முறை கூப்பிட வேண்டும். அப்புறம் நிர்மலா, நான் என்ன இந்த வீட்டு அம்மிக்கல்லா என்று கேட்டாள். அவள் பெயரும் ஏறியது. விஷயம் பரவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வஞ்சிரம் எடுத்துப்போனவர்கள்தான் முதலில் வந்தவர்கள்.

பெரிய கடையின் கண்ணாடிக் கதவு மட்டும் மசியவில்லை. இப்போதெல்லாம் புருஷோத்தமன் அதன் முன்னால் நின்று, உள்ளேன் ஐயா என்று சத்தமாகச் சொல்கிறார். வாட்ச்மேன் பயந்துபோய் ஓடிவந்து கையால் தள்ளித் திறந்துவிடுகிறார்.

சரிதாவுக்குத்தான் கஷ்டம். காலையில் முத்துமாரி நகர் முழுக்கப் பேர் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து முடித்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்வதற்குள் கல்லூரி வாசலில் அந்த மிஷின் அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிடுகிறது.